அரபு மக்களுக்கு ஜனநாயகம் வேண்டாமாம்!

அரபு மக்களுக்கு ஜனநாயகம் ஒத்துவராது. அவர்களே அதை விரும்பவும் இல்லை. இந்தத் தீர்ப்பு பத்தாண்டுக்கும் மேலாக ஓயாமல் வாசிக்கப்படுகிறது. வாஷிங்டன் ஆய்வு நிறுவனங்களின் அறிக்கைகளில் இங்கிதமான மொழியில் வருகிறது. கெய்ரோ, ரியாத் அரசு ஊடகங்களில் மார்தட்டலாக வருகிறது. வளைகுடாவில் இருபது வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய நம்மவர் பேச்சிலும் வருகிறது: “அங்கல்லாம் ஷேக் சொன்னா சொன்னதுதான். எலெக்‌ஷனும் கிடையாது, கொடி தோரணமும் கிடையாது. நாடு எப்படி மின்னுது!” சொல்லும் வாய்கள் வேறு, சரக்கு ஒன்று.

அந்தக் கருத்தை முதலில் அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். 2011இல் துனிஸ் முதல் சனா வரை மக்கள் திரண்டார்கள். பிறகு லிபியா, ஏமன், சிரியா மூன்றிலும் உள்நாட்டுப் போர். எகிப்தில் இரண்டரை ஆண்டில் ராணுவம் திரும்பி வந்தது. மிஞ்சிய ஒரே நம்பிக்கை துனீசியா. அங்கும் 2021 ஜூலை 25 இரவு அதிபர் கைஸ் சையத் நாடாளுமன்றத்தை முடக்கியபோது மக்கள் ஹாரன் அடித்துக் கொண்டாடினார்கள். மறு ஆண்டு பிபிசி அரபிச் சேவையும் அரபு பாரோமீட்டர் ஆய்வமைப்பும் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், ஜனநாயக ஆட்சியில் பொருளாதாரம் நலிகிறது என்று ஈராக்கிலும் துனீசியாவிலும் பத்தில் ஏழு பேர் சொன்னார்கள். தேவைப்பட்டால் விதிகளை வளைக்கும் தலைவர் வேண்டும் என்றவர்களும் பல நாடுகளில் பெரும்பான்மை. இதற்கெல்லாம் முன்பே, 1990களின் தொடக்கத்தில், வரலாற்றாசிரியர் எலி கெடூரி எழுதிவிட்டார்: மக்கள் இறையாண்மை, பிரதிநிதித்துவம், தேர்தல் ஆகிய எண்ணங்களே இஸ்லாமிய அரசியல் மரபுக்கு அந்நியமானவை. ஆக, பண்பாடு இடம் தரவில்லை, பட்ட அனுபவம் கசந்துவிட்டது, மக்களே கைகழுவிவிட்டார்கள். இது லேசில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. ஆனால் ஒவ்வொரு கண்ணியாக இழுத்துப் பார்த்தால் ஒன்றும் நிற்பதில்லை.

1. அந்தக் கருத்துக்கணிப்பை மேற்கோள் காட்டுகிறவர்களில் அதைக் கடைசிவரை படித்தவர்கள் எத்தனை பேர்? அதே கணிப்பில், அதே மக்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது. குறைகள் இருந்தாலும் மற்ற ஆட்சிமுறைகளைவிட ஜனநாயகமே மேலானதா? ஆம் என்றவர்கள்தான் பெரும்பான்மை. தலைப்புச் செய்தியாக வந்தது முதல் விடை மட்டும்.

இரண்டு விடைகளுக்கும் முரண்பாடு இருப்பதாகத் தோன்றினால் ஈராக்கியர் ஒருவரின் இடத்திலிருந்து யோசிக்க வேண்டும். 2003க்குப் பிறகு அவருக்குக் கிடைத்த ஜனநாயகம் எது? பிரதமர் பதவி ஷியாக்களுக்கு, அதிபர் பதவி குர்துகளுக்கு, சபாநாயகர் பதவி சுன்னிகளுக்கு. அமைச்சகங்கள் கட்சிகளின் பாகப்பிரிவினைச் சொத்து. எண்ணெயில் மிதக்கும் நாட்டில், ஐம்பது டிகிரி வெயிலில், மின்சாரம் இல்லை. இந்த ஏற்பாட்டுக்கு ஜனநாயகம் என்று பெயர் வைத்துவிட்டு, இதில் பொருளாதாரம் எப்படி என்று கேட்டால் அவர் வேறென்ன சொல்வார்? அவர் தந்தது தகவல் அறிக்கை. அதை ராஜினாமாக் கடிதமாக வாசித்தது நாம்.

2019 அக்டோபரில் பாக்தாதின் தஹ்ரீர் சதுக்கத்திலும் நசிரியாவிலும் பஸ்ராவிலும் இறங்கிய இளைஞர்கள் கேட்டதைப் பாருங்கள்: பங்கீட்டு முறை ஒழிய வேண்டும், தேர்தல் சட்டம் மாற வேண்டும், முன்கூட்டியே தேர்தல் வேண்டும். சுமார் 600 பேர் கொல்லப்பட்டார்கள். பிரதமர் ஆதில் அப்துல் மஹ்தி பதவி விலகினார். சட்டம் திருத்தப்பட்டது, 2021 அக்டோபரில் முன்கூட்டிய தேர்தலும் நடந்தது. தேர்தலே வேண்டாம் என்பவன் தேர்தல் சட்டத்தைத் திருத்தக் கேட்டுத் துப்பாக்கி முன் நிற்பானா?

‘விதியை வளைக்கும் தலைவர்’ விஷயத்துக்கு வருவோம். 2017இல் பியூ ஆய்வு மையம் 38 நாடுகளில் கேட்டது. நாடாளுமன்றமோ நீதிமன்றமோ தலையிடாத வலுவான தலைவரின் ஆட்சி நல்லது என்று இந்தியாவில் 55 சதவீதம் பேர் சொன்னார்கள். ராணுவ ஆட்சி நல்லது என்றவர்கள் 53 சதவீதம். இதை வைத்து இந்தியப் பண்பாட்டுக்கு ஜனநாயகம் ஒத்துவராது என்று எந்த அறிஞரும் நூல் எழுதவில்லை. நம்முடையது அலுப்பு, அவர்களுடையது இயல்பு. இப்படித்தான் போகிறது கணக்கு.

2. பண்பாடு தடுக்கிறது என்றால், அந்தப் பண்பாட்டில் பிறந்தவர்கள் 160 ஆண்டுகளாக என்ன செய்துகொண்டிருந்தார்கள்? துனீசியாவில் எழுதப்பட்ட அரசியல் சாசனம் 1861இல் வந்தது. எகிப்தில் பிரதிநிதிகள் சபை 1866இல் கூடியது. 1920இல் டமாஸ்கஸில் சிரியக் காங்கிரஸ் கூடி ஒரு சாசன வரைவை விவாதித்துக்கொண்டிருந்தது. அந்த ஜூலையில் பிரெஞ்சுப் படை மைசலூனில் சிரியர்களைத் தோற்கடித்து உள்ளே நுழைந்தது. காங்கிரஸ் கதை அதோடு முடிந்தது. தடுத்தது இஸ்லாமிய மரபா, பிரெஞ்சு பீரங்கியா?

கெடூரி அரபு நாடாளுமன்றங்களின் தோல்வியைச் சான்றாகக் காட்டினார். எகிப்தின் தோல்வி எப்படிப்பட்டது என்று பார்க்கலாம். 1923 சாசனத்துக்குப் பிறகு ஓரளவு நேர்மையாக நடந்த தேர்தல்களிலெல்லாம் வஃப்து கட்சி வென்றது. ஆனால் 1952 வரையிலான காலத்தில் பாதிகூட அது ஆளவில்லை. அரசர் கலைப்பார், அல்லது பிரிட்டிஷார் முறைப்பார்கள். 1942 பிப்ரவரி 4 அன்று பிரிட்டிஷ் டாங்கிகள் அப்தீன் அரண்மனையைச் சுற்றி நின்று, யார் பிரதமர் என்று அரசருக்குச் சொன்னதும் நடந்தது. அன்று பதவிக்கு வந்தது அதே வஃப்துதான் என்பது வேடிக்கை. டாங்கியில் வந்து இறங்கிய பிறகு அந்தக் கட்சியின் மானம் மீளவே இல்லை.

மதப்பற்றைப் பற்றி ஊகிக்கத் தேவையில்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். பல அரபு நாடுகளின் கருத்துக்கணிப்புத் தரவுகளைப் பல ஆண்டுகள் அலசிய மார்க் டெஸ்லர் கண்டது இது: ஒருவரின் மத ஈடுபாட்டுக்கும் ஜனநாயகம் பற்றிய அவரது மனப்பான்மைக்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை. தொழுகிறவரும் தொழாதவரும் ஏறக்குறைய ஒரே அளவில் அதை விரும்புகிறார்கள். உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் இந்தோனேசியா 1998இல் சுஹார்த்தோவை இறக்கிவிட்டு இன்றுவரை தேர்தல் நடத்திக்கொண்டிருக்கிறது என்பதையும் இங்கே வைத்துவிட்டு நகர்கிறேன்.

3. அனுபவம் கசந்துவிட்டது என்றால் 2019 ஏன் வந்தது? சிரியா சிதைந்ததை, லிபியா துண்டானதை, ஏமன் பட்டினி கிடந்ததை எட்டு ஆண்டுகள் கண்ணால் கண்ட பிறகுதான் சூடான், அல்ஜீரியா, ஈராக், லெபனான் நான்கும் எழுந்தன. அல்ஜீரியாவில் அதிபர் பூத்தஃப்லிகா ஐந்தாம் முறை போட்டியிடுவார் என்ற அறிவிப்பு வந்ததும் பிப்ரவரி 22 முதல் வெள்ளிக்கிழமைதோறும் லட்சக்கணக்கானோர் நடந்தார்கள். ஒரு கல்லெறிகூட இல்லாமல் இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கிருந்த கவனமே, அவர்கள் எதையும் மறக்கவில்லை என்பதற்குச் சான்று. ஏப்ரல் 2 அன்று அவர் விலகினார். ஒன்பதாம் நாள் சூடானில் அதிபர் உமர் அல்-பஷீர் விழுந்தார். இதே சூடானியர்கள் 1964இல் ஜெனரல் அப்பூதையும் 1985இல் ஜெனரல் நிமெய்ரியையும் தெருவில் இறங்கி வீழ்த்தியவர்கள். ஓர் ஆயுட்காலத்துக்குள் மூன்று ராணுவ ஆட்சிகளை நிராயுதபாணிகளாக இறக்கிய வேறு மக்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பிறகு என்ன ஆனது என்பீர்கள். 2021 அக்டோபர் 25 அன்று சூடானில் தளபதிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். 2023 ஏப்ரலில் அதே தளபதிகள் தங்களுக்குள் போரைத் தொடங்கி நாட்டைக் கொளுத்தினார்கள். இந்த நெருப்பையும் மக்களின் ஜனநாயகக் கணக்கிலேயே எழுதுவது என்ன நியாயம்?

4. தேர்தல் வைத்தால் மதவாதிகள் வந்துவிடுவார்கள், வந்தால் போக மாட்டார்கள் என்பது அடுத்த அச்சம். போகிறார்களா என்று பார்க்க யார் விட்டார்கள்?

அல்ஜீரியாவில் 1991 டிசம்பர் 26 அன்று நடந்த முதல் சுற்றில் முடிவான 231 இடங்களில் 188ஐ இஸ்லாமிய மீட்பு முன்னணி வென்றது. அதன் தலைவர்களில் சிலர் ஜனநாயகத்தையே இகழ்ந்து பேசியவர்கள் என்பது உண்மை. ஜனவரியில் ராணுவம் இரண்டாம் சுற்றை ரத்து செய்தது. ஒரே ஒரு முறைதான் தேர்தல் நடக்கும் என்று பயந்தவர்கள் அந்த ஒரு முறையையும் முழுதாக நடக்க விடவில்லை. அடுத்த பத்தாண்டில் செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 2006 ஜனவரியில் பாலஸ்தீனர்கள் சர்வதேசப் பார்வையாளர்கள் நற்சான்று தந்த தேர்தலில் 132 இடங்களில் 74ஐ ஹமாசுக்குக் கொடுத்தார்கள்; சில மாதங்களில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அந்த அரசுக்கு உதவியை நிறுத்தின. தேர்தல் நடத்து என்று வற்புறுத்தியதும் அதே அமெரிக்காதான்.

விட்டுப்பார்த்த இடங்களில் நடந்தது வேறு. துனீசியாவில் இஸ்லாமியக் கட்சியான அந்நஹ்தா 2011இல் 89 இடங்கள், 2014இல் 69, 2019இல் 52. நடுவில் 2014 தொடக்கத்தில் அது ஆட்சியைக் கட்சி சாரா அரசிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கியது. அந்த ஆண்டுத் தேர்தலில் தோற்றபோது தோல்வியை ஒப்புக்கொண்டது. எகிப்தில் முஸ்லிம் சகோதரத்துவத்தின் கூட்டணி நாடாளுமன்றத் தேர்தலின் பட்டியல் வாக்குகளில் 37 சதவீதம் பெற்றது. சில மாதங்கள் கழித்து, 2012 மே மாதம், அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் அதன் வேட்பாளர் மோர்சிக்குக் கிடைத்தது கால்வாசிதான். மொரோக்கோ கதை இன்னும் கறாரானது. அங்கே பத்தாண்டு அரசாங்கத்தை நடத்திய இஸ்லாமியக் கட்சியான பிஜேடி 2016இல் 125 இடங்களில் வென்றிருந்தது. 2021 செப்டம்பரில் வாக்காளர்கள் அதை 13க்கு இறக்கினார்கள். மொரோக்கோவில் கடைசிச் சொல் அரண்மனையுடையது என்பதால் அதைப் பெரிய ஜனநாயகச் சாதனையாகக் காட்ட மாட்டேன். ஆனால் மதத்தின் பெயரைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு குத்துகிறவர்கள் செய்கிற காரியம் இல்லை இது.

5. மக்களே ஆட்சிக்கவிழ்ப்பைக் கொண்டாடினார்களே? கொண்டாடினார்கள். மறுப்பதற்கில்லை. இந்த விவாதத்தில் எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதம் இதுதான்.

2013 ஜூன் 30 அன்று எகிப்தில் பெருங்கூட்டம் அதிபர் மோர்சியை விலகச் சொல்லித் திரண்டது. தாராளவாதிகளும் இடதுசாரிகளும் அதில் இருந்தார்கள். மூன்றாம் நாள் ராணுவம் அவரைத் தூக்கியபோது கைதட்டினார்கள். வரலாறு அவர்களை மன்னிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் திரண்டவர்கள் கேட்டது முன்கூட்டிய அதிபர் தேர்தலை. கிடைத்தது ஆகஸ்ட் 14 அன்று ரபா அல்-அதவியா சதுக்கத்தில் ஒரே நாளில் குறைந்தது 817 பிணங்கள் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்கிட்ட படுகொலை. மறு ஆண்டு தேர்தல் என்ற பெயரில் நடந்ததில் கவிழ்ப்பை நடத்திய தளபதி அப்தெல் ஃபத்தாஹ் அல்-சிசி 96.9 சதவீதம் பெற்றார். வாக்குச்சாவடிகள் வெறிச்சோடியதால் பொது விடுமுறை விட்டு, வாக்குப்பதிவை மூன்றாம் நாளுக்கும் நீட்டித்தார்கள். வலுவான தலைவருக்காக ஏங்கிய மக்கள் அவருக்கு வாக்களிக்க மூன்று நாள் ஏன் வேண்டியிருந்தது?

துனீசியா இன்னும் தெளிவான பாடம். 2021 ஜூலையில் அங்கே கொரோனா சாவுகள் உச்சத்தில் இருந்தன. ஆக்சிஜன் இல்லை. பத்தாண்டில் அரசாங்கம் மாறிக்கொண்டே இருந்தது, வேலையின்மை மாறவில்லை. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் அடித்துக்கொண்டதை மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். முடக்கியவரும் வேற்று ஆள் இல்லை. 2019இல் நேர்மையான தேர்தலில் 70 சதவீதத்துக்கு மேல் வாங்கிய அரசியல் சட்டப் பேராசிரியர். சாசனத்தின் 80ஆம் பிரிவைக் காட்டி, முப்பது நாள்தான் என்றார். கொண்டாடியவர்கள் இதைக் கொண்டாடினார்கள்.

முப்பது நாள் முடியவே இல்லை. செப்டம்பரில் ஆணைகளால் ஆள ஆரம்பித்தார். 2022 ஜூனில் 57 நீதிபதிகளை ஒரே ஆணையில் வீட்டுக்கு அனுப்பினார். ஜூலையில் தானே எழுதிய சாசனத்தை வாக்கெடுப்புக்கு விட்டார். வந்தவர்கள் சுமார் 30 சதவீதம். டிசம்பரில் நாடாளுமன்றத் தேர்தல். வந்தவர்கள் சுமார் 11 சதவீதம். நூற்றுக்கு எண்பத்தொன்பது பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அவர்கள் எல்லாரும் எதிர்த்துப் போராடினார்கள் என்று நான் சொல்லவில்லை. போராடவில்லை, அது வருத்தத்துக்குரியது. ஆனால் ஆமோதித்தார்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஜூலை 25 இரவின் ஹாரன் சத்தத்தை ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் டிசம்பரின் காலிச் சாவடிகளைப் பற்றிப் பேசுவதே இல்லை.

6. சரி, சோறாவது போட்டார்களா? எதேச்சாதிகாரத்துக்கான கடைசிச் சமாதானம் அதுதானே. சிசியின் ஆட்சியில் 2016 நவம்பரில் எகிப்திய பவுண்டு ஒரே மூச்சில் ஏறக்குறைய பாதி மதிப்பை இழந்தது. 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 16 பவுண்டுக்குக் கீழ். 2024 மார்ச்சில் சுமார் 50. 2023 செப்டம்பரில் பணவீக்கம் 38 சதவீதம். இதற்கிடையில் பாலைவனத்தில் புதிய தலைநகரம் எழுந்துகொண்டிருந்தது. அது வேண்டுமா என்று கேட்கும் துணிவுள்ள நாடாளுமன்றம் இல்லை. துனீசியாவிலும் சையத் எல்லா அதிகாரத்தையும் எடுத்துக்கொண்ட பிறகுதான் சர்க்கரைக்கும் பாலுக்கும் ரொட்டிக்கும் வரிசை நீண்டது. ஜனநாயகத்தில் பொருளாதாரம் நலிகிறது என்ற புகாரின் மறுபாதியை யாரும் கணிப்பில் கேட்கவில்லை.

7. “துபாயைப் பாருங்க!” பார்ப்போம். துபாய் அரபு உலகமா? அமீரகத்தின் மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர். அதன் குடிமக்கள் சுமார் பத்து லட்சம். எகிப்தில் மட்டும் பத்து கோடிக்கு மேல். நம்மவர் பார்த்தது சாலையை, வணிக வளாகத்தை, குளிரூட்டிய பேருந்து நிறுத்தத்தை. கஃபீலின் (வேலைக்கு அழைத்த முதலாளியின்) கையில் இகாமாவும் (வசிப்பு உரிமமும்) வேலையும் இருக்க, வாய் திறக்காமல் இருபது வருடம் ஓட்டியவர், அந்த நாட்டுக் குடிமக்களின் அரசியல் விருப்பம் பற்றிச் சான்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

அந்தக் குடிமக்கள் பேசாமலும் இல்லை. 2011 மார்ச்சில் 133 அமீரகத்தார் கையெழுத்திட்டு, எல்லாருக்கும் வாக்குரிமையோடு தேர்ந்தெடுக்கப்பட்ட, சட்டமியற்றும் அதிகாரமுள்ள அவை வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். பணிவான மனு. இரண்டு ஆண்டுகளில் 94 பேர் மீது ஒரே வழக்கு. 69 பேருக்குச் சிறை. பஹ்ரைனில் குடிமக்களே சுமார் ஆறு லட்சம்தான். அவர்களில் கணிசமானோர் 2011 பிப்ரவரியில் முத்துச் சதுக்கத்தை நிறைத்தார்கள். மார்ச் 14 அன்று சவூதிப் படைகள் கடற்பாலம் வழியாக வந்தன. நான்காம் நாள் சதுக்கத்தின் நினைவுச்சின்னமே இடிக்கப்பட்டது. சவூதி மன்னர் அப்துல்லா அந்த இரண்டு மாதங்களில் அறிவித்த சலுகைகள் சுமார் 130 பில்லியன் டாலர். யாரும் எதுவும் கேட்காத நாட்டில் இவ்வளவு பணம் எதற்கு? 1963 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் வைத்திருந்த குவைத்தை வளைகுடாப் புகழ்பாடிகள் குறிப்பிடுவதே இல்லை. அமைச்சர்களைக் கூண்டிலேற்றிக் கேள்வி கேட்ட அந்த அவையை 2024 மே மாதம் மூடியது அமீர், வாக்காளர்கள் அல்ல.

இந்தக் கருத்து யாருக்கு உதவுகிறது என்று கேட்காமல் விட முடியாது. 2011 பிப்ரவரியில் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கம் நிரம்பி வழிந்தபோது, எகிப்து அதிபர் முபாரக்கின் துணை அதிபர் உமர் சுலைமான் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தனக்கு ஜனநாயகத்தில் நம்பிக்கை உண்டு என்றார். ஆனால் மக்களுக்கு ஜனநாயகப் பண்பாடு வந்த பிறகுதான் அது சாத்தியம் என்றும் சொன்னார். உளவுத்துறையைப் பல ஆண்டுகள் நடத்தியவர், மக்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்கிறார். எகிப்து ராணுவத்துக்கு ஆண்டுதோறும் 1.3 பில்லியன் டாலர் தந்துவந்த அமெரிக்காவுக்கும் இந்த வாதம் வசதியானது. மக்களே விரும்பாத ஒன்றைத் தடுப்பதற்கு உடந்தையாக இருப்பது குற்றமாகாது அல்லவா?

கடைசியாக ஒரு தேர்தல் முடிவு. 2018இல் எகிப்தில் அதிபர் தேர்தல். போட்டியிட வந்த முன்னாள் தலைமைத் தளபதி சாமி அனான் கைது செய்யப்பட்டார். முன்னாள் பிரதமர் அகமது ஷஃபிக் விலகிக்கொண்டார். எஞ்சிய ஒரே எதிர்வேட்பாளர் மூசா முஸ்தஃபா மூசா, கொஞ்ச நாள் முன்புவரை சிசிக்கு ஆதரவு திரட்டிக்கொண்டிருந்தவர். வாக்களிக்காவிட்டால் அபராதம் என்று தேர்தல் ஆணையம் எச்சரித்தது. சிசிக்கு 97 சதவீதம், அது எதிர்பார்த்ததுதான். மூசாவுக்குச் சுமார் ஆறரை லட்சம் வாக்குகள். செல்லாத வாக்குகள் பதினேழு லட்சத்துக்கும் மேல்: சாவடிவரை போய், சீட்டை வாங்கி, இருவருக்குமே போடாமல் கெடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தவர்கள். அரபு மக்கள் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கைகழுவிவிட்டார்கள் என்போர் இந்தப் பதினேழு லட்சத்துக்கு முதலில் கணக்கு சொல்லட்டும்.